ஜெர்மன் படைக்குருக்களின் தொப்பி: அசலா, போலியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

படைக்குருவின் தொப்பி என்றால் எது?

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தரைப்படையோடு போன கத்தோலிக்க ஃபாதர்களும் புராட்டஸ்டண்ட் பாஸ்டர்களும் அணிந்த தொப்பி. வழக்கமாக ஒரு டிவிஷனுக்கு (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட பெரும் படைப்பிரிவு) ஒரு ஃபாதர், ஒரு பாஸ்டர். டிவிஷன் தலைமையகத்தில் அவர்களுடைய பிரிவுக்கு ‘நான்கு டி’ என்று பெயர். அவர்கள் படை அதிகாரிகள் அல்லர், அதிகாரிக்குரிய மரியாதை பெற்ற அரசு அலுவலர்கள். தோளில் பதவிப்பட்டை கிடையாது. ஆனால் தொப்பி அதிகாரியின் தொப்பிதான்: சாம்பல் பச்சை மேல்துணி, கரும்பச்சைப் பட்டை, கறுப்பு முன்விளிம்பு, அதன் மேல் இரட்டை வெள்ளிநிறக் கயிறு.

மற்ற அதிகாரிகளின் தொப்பியிலிருந்து இதைப் பிரிப்பவை இரண்டு. ஒன்று, ஊதா பைப்பிங், அதாவது துணிகள் சேரும் ஓரத்தில் வைத்துத் தைத்த மெல்லிய நிறக்கரை. மேல்வட்டத்தின் ஓரத்தில் ஒன்று, பட்டைக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று என மூன்று வரிசை. மற்றது, மேலே உள்ள கழுகுக்கும் கீழே உள்ள ஓக் இலை மாலைக்கும் நடுவில் ஒரு சின்ன உலோகச் சிலுவை. சேகரிப்பாளர்கள் இதை கோத்திக் சிலுவை என்பார்கள்.

இதில் ஏன் இவ்வளவு போலி?

கணக்கு எளிது. காலாட்படை அதிகாரிகள் ஆயிரமாயிரம் பேர், படைக்குருக்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவு. ஆகவே விலையில் பெரிய வித்தியாசம். முழுத் தொப்பியையும் புதிதாகச் செய்பவனைக் கண்டுபிடிப்பது சுலபம். உண்மையான பழைய தொப்பியை எடுத்து அதில் சின்ன மாற்றம் செய்பவன்தான் ஆபத்தானவன். துணி அசல், தோல் அசல், கழுகு அசல். பொய் இருப்பது பைப்பிங்கிலோ அந்தச் சிலுவையிலோ மட்டும். வாங்குகிறவர் கண் நேராகச் சிலுவைக்குப் போகும் என்று அவனுக்குத் தெரியும்.

என் அனுபவத்தில், அந்தத் தொப்பியிலேயே பலவீனமான சாட்சி சிலுவைதான். கழற்றி மாட்ட இரண்டு நிமிடம் போதும். பைப்பிங் அப்படியில்லை, அது தையலுக்குள் புதைந்திருக்கிறது. விசாரணையை அங்கே தொடங்குங்கள்.

ஊதா என்றால் எந்த ஊதா?

கத்திரிப்பூ நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக இருந்தபோது அப்படி. எண்பது வருடம் கழித்து அது வெளுத்து, சில தொப்பிகளில் சாம்பல் கலந்த நீலமாகவும் சிலவற்றில் பழுப்பேறியும் தெரியும். குழப்பம் இங்கேதான் வருகிறது, ஏனென்றால் ஜெர்மன் தரைப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம். மருத்துவப் பிரிவுக்கு நீலம். புகைக்குண்டு, ராக்கெட் படைக்கு ஒயின் சிவப்பு. கால்நடை மருத்துவப் பிரிவுக்கும் போர்த் திட்டமிடும் ஜெனரல் ஸ்டாஃப் அதிகாரிகளுக்கும் கருஞ்சிவப்பு. இவை எல்லாமே வெளுக்கும்போது ஊதாவை நோக்கி நகரக்கூடியவை.

நான் ஏமாந்த கதையும் இதுதான். ஜெர்மனியில் ஒரு ஞாயிறு பழம்பொருள் சந்தை. மங்கிய ஊதா, நடுவில் அழகான சிலுவை, விற்றவர் நல்ல பேச்சுக்காரர். வாங்கி வந்து பல மாதம் பெருமையாக வைத்திருந்தேன். ஒருநாள் பட்டையும் மேல்துணியும் சேரும் இடத்தில் தையல் ஓரிடத்தில் விட்டிருந்ததை நகத்தால் லேசாக விலக்கிப் பார்த்தேன். வெளிச்சமே படாத அந்த மடிப்புக்குள் பைப்பிங் பளிச்சென்று நீலமாக இருந்தது. மருத்துவ அதிகாரியின் தொப்பி! யாரோ சிலுவையைச் சேர்த்து ஞானஸ்நானம் செய்து வைத்திருக்கிறார்கள்.

அன்றிலிருந்து நிறத்தை வெளியே பார்ப்பதில்லை. மடிப்புக்குள் பார்க்கிறேன்.

பைப்பிங் மாற்றப்பட்டதா என்று தையற்கலை தெரியாதவருக்குத் தெரியுமா?

தெரியும், பொறுமை வேண்டும். பைப்பிங் இரண்டு துணிகளுக்கு நடுவில் வைத்துத் தைக்கப்படுகிறது. அதை மாற்றத் தொப்பியையே பிரித்தாக வேண்டும். பிரித்துத் தைத்தால் பழைய ஊசித் துளைகள் எங்காவது மிச்சமிருக்கும். புதுத் தையல் பழைய துளைகளில் அப்படியே விழாது. உட்பக்கம் லைனிங்கைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வரிசைத் துளைக்குப் பதில் இரண்டு வரிசை தெரியும். நூலின் தடிமனும் நிறமும் ஓரிடத்தில் திடீரென மாறும்.

பிரிக்கச் சோம்பல்படுபவன் சாயம் போடுவான். காலாட்படையின் வெள்ளைப் பைப்பிங் மேல் தூரிகையால் ஊதா. இதைப் பிடிப்பது இன்னும் எளிது: பூதக்கண்ணாடியில் பாருங்கள், சாயம் பக்கத்துத் துணியின் ரோமங்களிலும் மயிரிழை அளவு கசிந்திருக்கும். மடிப்புக்குள் வெள்ளை அப்படியே இருக்கும். அசல் ஊதா என்றால் எதிர்மாறு: வெளியே வெளுத்தது, உள்ளே அடர்த்தி.

மூன்று வரிசையும் ஒரே மாதிரி வெளுத்திருக்க வேண்டிய அவசியமில்லை. மேல்வட்டத்தின் பைப்பிங் அதிக வெயில் பார்த்திருக்கும். மூன்றும் அச்சடித்தாற்போல ஒரே நிறம் என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நடுவில் சிலுவை இருந்தால் போதாதா?

போதாது. கழுகுக்கும் மாலைக்கும் நடுவிலுள்ள அந்த இடம் படைக்குருக்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. மலைப்படையினர் அங்கே எடல்வைஸ் பூவை வைத்தார்கள். பழைய பிரவுன்ஷ்வைக் நாட்டுப் படையின் மரபைத் தொடர்ந்த 17ஆம் காலாட்படை ரெஜிமெண்ட் மண்டையோட்டை வைத்தது. ஆகவே பழைய தொப்பியில் அந்த இடத்தில் ஏற்கனவே துளை இருந்தால், அது இன்னொரு சின்னத்தின் துளையாகவும் இருக்கலாம். மோசடிக்காரனுக்கு அது வசதி.

சிலுவையின் வடிவத்தையும் கவனியுங்கள். இரும்புச் சிலுவைப் பதக்கத்தின் குட்டி உருவங்கள் கோட்டில் குத்துவதற்காக அந்தக் காலத்தில் ஏராளமாக விற்றன. கைகள் நுனியில் அகன்று விரியும் வடிவம் அது. அப்படி ஒன்றை ஒட்டிவிட்டு படைக்குரு தொப்பி என்று விற்பதைப் பார்த்திருக்கிறேன். பேரரசுக் காலத்து ரிசர்வ் படையினர் தொப்பியில் வைத்த லாண்ட்வேர் சிலுவையையும் சிலர் இங்கே கொண்டுவந்து மாட்டுகிறார்கள்.

என் தொப்பியில் ஊதா பைப்பிங் இருக்கிறது, சிலுவை இல்லை. போலியா?

உள்மடிப்பிலும் ஊதாவாகவே இருந்தால், எனக்குச் சிலுவையோடு வரும் பாதித் தொப்பிகளைவிட இதுதான் பிடிக்கும். சிலுவை சின்னது, துணியில் குத்தி மடக்கும் கால்கள் மெல்லியவை, எளிதில் விழும். வெற்றிபெற்ற தரப்பின் வீரர் யாராவது ஞாபகப் பொருளாகக் கழற்றி எடுத்திருக்கலாம். இருந்த இடத்தில் துளையும், வெயில் படாத அடர்நிறத் தடமும் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தடம் சிலுவை வடிவில் தெரிந்தால் அதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? தயவுசெய்து ‘முழுமையாக்குகிறேன்’ என்று புதிதாக ஒரு சிலுவை வாங்கி மாட்டாதீர்கள். நல்ல தொப்பியைச் சந்தேகத் தொப்பி ஆக்கிவிடுவீர்கள்.

சின்னங்களில் என்ன பார்க்க வேண்டும்?

முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் அதிகம் பேசும். அசல் கழுகும் மாலையும் அச்சில் அடித்து எடுத்தவை. முன்னால் மேடாக உள்ள இடம் பின்னால் குழிவாக இருக்கும், விளிம்புகள் கூர்மையாக இருக்கும். போலிகளில் பல, வார்ப்பில் ஊற்றியவை: பின்பக்கம் மணல் மணலாக, சிறு குமிழித் துளைகளோடு, இறகுகளின் கோடு மழுங்கி இருக்கும். முற்காலச் சின்னங்கள் கனமான நிக்கல் வெள்ளியில் வந்தன. பிறகு பெரும்பாலும் அலுமினியம். போர் முற்றிய காலத்தில் துத்தநாகம், அது மங்கிச் சாம்பல் பூத்து நிற்கும். மாலையின் நடுவிலுள்ள வட்டத்தில் வெளியே கறுப்பு, அடுத்து வெள்ளி, மையத்தில் சிவப்பு. இந்த வரிசை மாறியிருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டாம்.

தரைப்படைத் தொப்பியில் ஸ்வஸ்திக் தாங்கிய கழுகு 1934 பிப்ரவரியில் வந்த ஆணைக்குப் பிறகுதான். ‘1933ஆம் வருடத்துப் படைக்குருவின் தொப்பி’ என்று கழுகோடு காட்டினால் வருடமோ கழுகோ, ஏதோ ஒன்று பொய்.

கழுகும் மாலையும் கையால் நெய்த கம்பி எம்பிராய்டரியாகவும் வரும். அதிகாரிகள் சொந்தக் காசில் வாங்கியதால் ஆளுக்கொரு ரசனை. உலோகச் சிலுவையும் எம்பிராய்டரிக் கழுகும் ஒரே தொப்பியில் இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். எம்பிராய்டரிக் கம்பி அலுமினியம் என்றால் வெள்ளியைப் போலக் கறுக்காது, மங்கிச் சாம்பலாகும். பிளாஸ்டிக் மேல் உலோகம் பூசிய ஜரிகை மினுக்கென்று இருந்தால், நம் கல்யாணப் பட்டுப்புடவையில் போலி ஜரிகையைக் கண்டுபிடிக்கிற அதே கண்ணைப் பயன்படுத்துங்கள்.

முக்கியமானது வயதுப் பொருத்தம். கழுகு, சிலுவை, மாலை மூன்றும் ஒரே மழையிலும் ஒரே அலமாரியிலும் இருந்தவை. இரண்டு மங்கிப்போய் நடுவில் ஒன்று மட்டும் தங்கப்பல் போலப் பளபளத்தால், அது பின்னால் வந்த விருந்தாளி.

உள்பக்கத்தில் புகழ்பெற்ற கம்பெனிப் பெயர் இருக்கிறது. அது உறுதிதானே?

பெர்லினின் ராபர்ட் லூப்ஸ்டைன் நிறுவனத்தின் ‘எரெல்’ முத்திரை மிகவும் பிரபலம். அவருடைய பெயரின் முதலெழுத்துகளை ஜெர்மன் உச்சரிப்பில் சொன்னால் வருவதுதான் எரெல். ‘பெக்யூரோ’வும் அப்படியே: பீட்டர் கியூப்பர் என்ற பெயரும் ரோன்ஸ்டோர்ஃப் என்ற ஊரும் சேர்ந்தது. பிரபலமாக இருப்பதால்தான் அதிகம் போலியாகிறது. முத்திரை மட்டும் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள்.

முத்திரையின் மேல் டைமண்ட் வடிவில் ஒரு பிளாஸ்டிக் தகடு தைத்திருப்பார்கள், வியர்வை படாமல் காக்க. அதுதான் எனக்கு இஷ்டமான இடம். பழைய தகடு மஞ்சள் படிந்து, சுருங்கி, தையலோடு இழுபட்டு விறைத்திருக்கும், ஓரங்களில் வெடிப்பு இருக்கும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துச் சூடேற்றி முகர்ந்து பாருங்கள்: செல்லுலாய்டு என்றால் பூஜையறைச் சூடத்தின் வாசனை மெலிதாக வரும். செல்லுலாய்டு தயாரிப்பில் கற்பூரம் சேர்த்தார்கள். வாசனை வந்தால் நல்ல குறி. வரவில்லை என்று நிராகரிக்க வேண்டாம், வேறு பிளாஸ்டிக்கும் பயன்பட்டது. தீப்பெட்டியைப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், செல்லுலாய்டு பிடித்தால் நிற்காது.

நெற்றித் தோலில், அதாவது தொப்பிக்குள் சுற்றி ஓடும் தோல் பட்டையில், ஒரு தலையின் வியர்வை இருக்க வேண்டும். நெற்றிப் பக்கம் கறுத்தும் பின்பக்கம் கொஞ்சம் வெளிறியும் இருப்பது இயல்பு. சுற்றிலும் சீராகக் கறுத்திருந்தால் யாரோ தேநீரிலோ ஷூ பாலிஷிலோ முதுமை பூசியிருக்கிறார்கள்.

கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கில் சோதித்தேன், ஒளிரவில்லை. அசல்தானே?

அவசரப்படாதீர்கள். துணியையும் நூலையும் வெண்மையாக்கும் ரசாயனங்கள் பரவலானது போருக்குப் பிறகு. அவை அந்த விளக்கில் நீல வெண்மையாக ஒளிரும். ஆகவே பைப்பிங்கின் தையல் நூல் மட்டும் பளீரென்று ஒளிர்ந்தால் தொப்பியைப் பிரித்துத் தைத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஆனால் யாரோ ஒரு பாட்டி நவீன சோப்புத்தூளில் தொப்பியை ஊறவைத்திருந்தாலும் ஒளிரும். ஒளிராத நூலைத் தேடி வாங்கும் போலிக்காரரும் இருக்கிறார். விளக்கு கேள்வி கேட்கும், தீர்ப்பு சொல்லாது.

நூலை எரித்துப் பார்க்கச் சொல்கிறார்களே?

உள்மடிப்பிலிருந்து இரண்டு மூன்று இழை மட்டும், தொப்பியிலிருந்து தள்ளி வைத்து. கம்பளி என்றால் முடி கருகிய நாற்றம், பொடியாக நசுங்கும் சாம்பல். பாலியஸ்டர் என்றால் உருகிக் கடினமான மணியாக நிற்கும். பாலியஸ்டர் இழை 1941இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது, ஜெர்மன் தையற்கடைக்குப் போர் முடியும் முன் வர வழியே இல்லை. மணி வந்தால் முடிந்தது கதை. சாம்பல் வந்தால் கதை தொடர்கிறது, நல்ல போலிகளும் கம்பளியில்தான் வருகின்றன.

மடிக்கும் படகுத் தொப்பியில் எப்படி?

களத்தில் அணிந்த, படகு வடிவ மடிப்புத் தொப்பியில் ஊதா நிறம் முன்பக்கம் தலைகீழ் ‘வி’ வடிவ நாடாவாக வரும். அதிகாரி ரகம் என்பதால் விளிம்பில் வெள்ளி நிற ஓரம். அந்த நாடாவைத் தரைப்படை 1942இல் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகும் பலர் பிரிக்காமலே அணிந்தார்கள், ஆனால் 1943இல் வந்த முன்விளிம்பு வைத்த களத் தொப்பியில் ஊதா ‘வி’ நாடா என்றால் என் கை பின்வாங்கும். ஒரு நாடாவைத் தைக்க ஐந்து நிமிடம் போதும். ஆகவே படகுத் தொப்பியில் ஆதாரம் இன்னும் மெலிது. நாடாவின் தையல் லைனிங்கைத் துளைத்து உள்ளே வந்திருந்தால், லைனிங் போட்ட பிறகுதான் அதைத் தைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஊதா பைப்பிங்கும் தங்கக் கயிறும் உள்ள தொப்பி ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

தங்கநிறம் படைக்குருக்களின் தலைவர்களான களப் பேராயர்களுக்கு உரியது. போர்க்காலத்தில் அந்தப் பதவியில் இருந்தவர்கள் இரண்டே பேர்: கத்தோலிக்கர் தரப்பில் ஃபிரான்ஸ் யுஸ்டுஸ் ரார்கோவ்ஸ்கி, புராட்டஸ்டண்ட் தரப்பில் ஃபிரான்ஸ் டோர்மான். விற்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இருவரில் யாருடைய தலை? பதிலோடு குடும்பக் கடிதமோ புகைப்படமோ வரவில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

தொப்பியைப் பார்த்து ஃபாதரா பாஸ்டரா என்று சொல்ல முடியுமா?

முடியாது. கழுத்துச் சங்கிலியில் தொங்கிய பெரிய சிலுவைதான் சொல்லும்: கத்தோலிக்கருடையதில் இயேசுவின் உருவம் இருக்கும்.

விமானப்படை, எஸ்.எஸ். படைக்குருக்களின் தொப்பி?

நாஜித் தலைவர் கோரிங்கின் கீழிருந்த விமானப்படைக்குத் தனிப் படைக்குருக்களே கிடையாது. நீலச்சாம்பல் தொப்பியில் ஊதாவும் சிலுவையும் யாரோ கற்பனையாகச் செய்தது. நாஜிக் கட்சியின் ஆயுதப் படையான எஸ்.எஸ்.ஸின் ஜெர்மன் டிவிஷன்களிலும் கிடையாது. போஸ்னிய முஸ்லிம்களின் ஹண்ட்ஷார் டிவிஷனில் இமாம்களும், உக்ரைனியர்களின் கலீசிய டிவிஷனில் கிரேக்கக் கத்தோலிக்கக் குருக்களும் இருந்தது உண்மை. அதைச் சொல்லி ஊதா பைப்பிங் வைத்த எஸ்.எஸ். தொப்பியை விற்க வருபவர், வரலாறு கொஞ்சம் படித்த வியாபாரி, அவ்வளவுதான். கடற்படையில் படைக்குருக்கள் உண்டு. அவர்கள் தொப்பி கருநீலம், அது தனிப் பாடம்.

எங்கள் உறவினர் ஒரு ஜெர்மன் ஃபாதர். போரில் சீருடையில் எடுத்த படம் இருக்கிறது. தொப்பியில் சிலுவை இல்லையே?

குருவானவர் எல்லாரும் படைக்குரு ஆகவில்லை. 1933 ஜூலையில் வத்திக்கானும் ஜெர்மனியும் செய்த ஒப்பந்தத்தின் 27ஆம் பிரிவு படைக்குருக்களுக்கு இடம் கொடுத்தது. அதனோடு வந்த ரகசிய இணைப்பு, பொதுப் படைதிரட்டல் வந்தால் குருக்களை மருத்துவப் பணிக்கு எடுக்க வழிசெய்தது. போர் வந்தபோது பெருந்தொகையான குருக்கள் மருத்துவ உதவியாளர்களாகச் சாதாரணச் சிப்பாய்ச் சீருடையில் போனார்கள். உங்கள் உறவினர் அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

குருவானவர் எல்லாரும் படைக்குரு அல்லர் என்பதற்கு நல்ல உதாரணம், ‘ஸ்டாலின்கிராட் மடோனா’ என்ற மாதா ஓவியத்தை வரைந்த குர்ட் ரோய்பர். 1942 கிறிஸ்துமஸுக்கு, பதுங்குகுழியில், ரஷ்ய வரைபடம் ஒன்றின் பின்புறத்தில் கரியால் வரைந்தார். அவர் பாஸ்டர்தான், ஆனால் படையில் டாக்டராகப் பணிசெய்தார். 1944 ஜனவரியில் சோவியத் கைதி முகாமில் இறந்தார். ஓவியம் இப்போது பெர்லினின் கைசர் வில்ஹெல்ம் நினைவு ஆலயத்தில் இருக்கிறது. பாஸ்டர் என்ற காரணத்துக்காக அவருக்கு ஊதாத் தொப்பி மாட்டிப் பார்ப்பது தவறு.

பழைய கறுப்புவெள்ளைப் படத்தில் ஊதா எப்படித் தெரியும்?

தெரியாது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. சிவப்பை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமில் நீலமும் ஊதாவும் வெளிறித் தெரியும், எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக்கில் கறுத்துத் தெரியும். பைப்பிங்கை விட்டுவிட்டுத் தோளைப் பாருங்கள்: அதிகாரிச் சீருடை, ஆனால் தோள்பட்டை இல்லை, கழுத்தில் சங்கிலிச் சிலுவை, கையில் ஊதாக் கோடும் செஞ்சிலுவையும் உள்ள வெள்ளைப் பட்டை. இவை இருந்தால் தொப்பியை ஊகிக்கலாம்.

தொப்பிக்குள் ஒரு பெயர்ச்சீட்டு இருக்கிறது. என்ன செய்வது?

கொண்டாடுங்கள், பிறகு சரிபாருங்கள். அந்தக் காலப் பணிக்குறிப்புகளைப் பார்க்க ஜெர்மன் கூட்டரசு ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். படைத்துறைப் பிரிவு ஃப்ரைபுர்க்கில் இருக்கிறது. தனிநபர் போர்ப்பதிவுகளை வைத்திருந்த பெர்லின் அலுவலகமும் 2019 முதல் அதே காப்பகத்தின் கீழ் வந்துவிட்டது. கத்தோலிக்கர் என்றால் பெர்லினில் உள்ள கத்தோலிக்கப் படைப் பேராயரின் காப்பகம். ஒரு எச்சரிக்கை: பெயர்ச்சீட்டும் நுழைக்கக்கூடியதுதான். மையெழுத்தின் வியர்வைக் கறை, தகட்டின் கறையோடு பொருந்துகிறதா பாருங்கள்.

முதல் உலகப் போர்த் தொப்பிகளுக்கும் இதே விதிகளா?

தையலும் வெளுப்பும் பற்றியவை பொருந்தும். சின்னங்கள் வேறு. அப்போது ஸ்வஸ்திக் கழுகு கிடையாது, பேரரசின் வட்டமும் அந்தந்த மாநிலத்தின் வட்டமும்தான். யூதப் படைக்குருக்களும் அந்தப் போரில் இருந்தார்கள், புகழ்பெற்ற யூத மதகுரு லேயோ பெக் அவர்களில் ஒருவர். இரண்டாம் போரின் தொப்பிகளில் அவர்கள் ஏன் இல்லை என்று விளக்க வேண்டியதில்லை.

இதை வைத்திருப்பது சட்டப்படி சரியா?

ஜெர்மனியில் வைத்திருப்பது குற்றமில்லை. ஸ்வஸ்திக்கைப் பொதுவெளியில் காட்டுவதையும் பரப்புவதையும் தண்டனைச் சட்டம் 86அ தடுக்கிறது. கல்வி, ஆய்வு போன்ற காரணங்களுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் அங்கே விற்பனைப் படங்களில் ஸ்வஸ்திக்கின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். வேறு நாடுகளில் வேறு சட்டம், தபாலில் வரவழைக்கும் முன் உங்கள் ஊர் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சின்னங்களைக் கழற்றிப் பார்க்கலாமா?

கூடாது. பின்னால் மடக்கியிருக்கும் கால்கள் மெல்லிய உலோகம். ஒருமுறை நிமிர்த்தி மறுமுறை மடக்கினால் பட்டென்று ஒடிந்துவிடும், நூறு ரூபாய்ப் பொருளைப் பத்து ரூபாய்ப் பொருளாக்கிவிடுவீர்கள். நெற்றித் தோலை லேசாகக் கீழே மடக்கி, பல் டாக்டர் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியையும் செல்போன் டார்ச்சையும் உள்ளே விடுங்கள். கால்கள் மடங்கிய இடத்தில் துணி அமுங்கி, உலோகத்தின் கறை பதிந்திருக்க வேண்டும். சிலுவையின் கால்களைச் சுற்றி மட்டும் துணி சுத்தமாக இருந்தால், துளையின் ஓரம் புதிதாகக் கிழிந்த வெள்ளை இழைகளோடு நின்றால், தொப்பியை மேசையில் வைத்துவிட்டு விலையைப் பற்றி மறுபடியும் பேசத் தொடங்குங்கள்.